சிறுகுடலை நகர்த்துவது எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மன அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனின் நம் உடலில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள் இந்த மாதப் பக்கங்களை முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்டன.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் வாசகர்: செரோட்டோனின் மூளையில் சுரந்து மகிழ்ச்சியைத் தருவது என்றுதான் இதுவரை படித்திருக்கிறேன். அதற்குக் குடலில் என்ன வேலை?

வரலாற்றின்படி பார்த்தால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். குடலுக்குச் சொந்தமான இந்தப் பொருளுக்கு மூளையில் என்ன வேலை என்பதுதான் பின்னால் எழுந்த கேள்வி. இத்தாலியைச் சேர்ந்த விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930-களில் இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்படலத்திலுள்ள ஒரு வகைச் செல்களிலிருந்து, மென்தசையைச் சுருங்கச் செய்யும் பொருளொன்றைப் பிரித்தெடுத்து, அதற்கு 'என்டரமின்' என்று பெயரிட்டார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும், இரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு பொருளை, இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரத்திலிருந்து தனியே எடுத்து 'செரோட்டோனின்' என்றழைத்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது 1952-இல் உறுதியாயிற்று. பெட்டி ட்வாராக்கும் பேஜும் அது மூளையிலும் இருப்பதைக் காட்டியது 1953-இல்தான். இன்று பொதுமக்களுக்குத் தெரிந்திருப்பது இந்தக் கடைசி அத்தியாயம் மட்டுமே.

இனி வேலைக்கு வருவோம். சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உட்படலத்தில் உணவை உறிஞ்சும் செல்களுக்கிடையே, இங்கொன்றும் அங்கொன்றுமாக, என்டரோகுரோமாஃபின் என்னும் செல்கள் பதிந்திருக்கின்றன. நாம் உண்ணும் பருப்பிலும் மீனிலும் உள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு இவை செரோட்டோனினைச் செய்து, சிறு பொட்டலங்களாகச் சேமித்து வைக்கின்றன. உணவுக் கூழ் வந்து குடற்சுவரை அழுத்தும்போதோ, அமிலமோ சத்துப் பொருளோ மேலே படும்போதோ, பொட்டலங்கள் உடைந்து செரோட்டோனின் சுவரின் உட்புறமாகக் கசிகிறது. அங்கே காத்திருக்கும் உணர்வு நரம்புகளின் நுனிகள் அதைப் பெற்றுக்கொள்கின்றன.

அந்த நரம்புகள் மூளையிலிருந்து இறங்கி வந்தவை அல்ல. குடற்சுவருக்குள்ளேயே இரண்டு அடுக்காக நரம்புப் பின்னல்கள் இருக்கின்றன. அவற்றில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புச் செல்கள் உண்டு. செய்தி அங்கேயே அலசப்பட்டு, ஆணையும் அங்கேயே பிறக்கிறது. உணவு உருண்டை இருக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் அசிட்டைல்கோலினும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருளும் வெளிப்பட்டுத் தசையைச் சுருக்குகின்றன. கீழ்ப்புறத்தில் நைட்ரிக் ஆக்சைடும் அதன் துணைப் பொருள்களும் தசையைத் தளர்த்துகின்றன. நீங்கள் தையற்காரர் என்பதால் உங்களுக்கு எளிதாகப் புரியும்: பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது, ஊக்குக்குப் பின்னால் துணியைச் சுருக்கிப் பிடித்து, முன்னால் நீவித் தளர்த்திக்கொண்டே போகிறோம் அல்லவா, குடல் செய்வதும் அதையேதான். மேலே சுருக்கம், கீழே தளர்ச்சி என்ற இந்த விதியைப் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் 1899-இலேயே நாயின் குடலில் கண்டு எழுதிவிட்டார்கள். அதில் செரோட்டோனினுக்குப் பங்குண்டு என்பதை 1950-களில் ஆக்ஸ்ஃபோர்டில் எடித் புல்பிரிங் காட்டினார்: குடலின் உள்ளே அழுத்தம் ஏறினால் செரோட்டோனின் வெளிப்படுகிறது, செரோட்டோனினை உள்ளே செலுத்தினால், உணவைக் கீழே தள்ளும் இந்த அலைவியக்கம் விரைகிறது.

வேலை முடிந்த செரோட்டோனினை உட்படலச் செல்களே திரும்ப உறிஞ்சி அழிக்கின்றன. தப்பியது இரத்தத் தட்டணுக்களில் போய்ச் சேர்கிறது. மூளைக்குள் அது நுழைய முடியாது, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு விடாது. ஆகவே குடற்செரோட்டோனினும் மூளைச் செரோட்டோனினும் பெயரால் ஒன்று, கணக்கால் வேறு வேறு.

ராயபுரத்திலிருந்து ஒரு செவிலியர் கல்லூரி மாணவி: ஒரு பாடநூலில் செரோட்டோனின் குடலைச் சுருக்கும் என்றும், இன்னொன்றில் தளர்த்தும் என்றும் இருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது, ஐயா?

இரண்டையும் எழுதுங்கள், ஆனால் எந்த ஏற்பியின் வழியாக என்று சேர்த்து எழுதுங்கள். ஏற்பியைச் சொல்லாமல் செரோட்டோனினின் செயலைச் சொல்வது, முகவரி எழுதாமல் கடிதத்தைப் பெட்டியில் போடுவதற்குச் சமம்.

ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் அமர்ந்து ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம். செரோட்டோனினுக்கு ஏழு குடும்ப ஏற்பிகள் உள்ளன. அவற்றில் மூன்றாம் குடும்பம் மட்டும் தனி இனம்: ஐந்து துண்டுகள் சேர்ந்தமைந்த ஒரு வாய்க்கால் அது, செரோட்டோனின் பட்டவுடன் மில்லி விநாடிகளில் திறந்து சோடியத்தை உள்ளே விடும். மற்ற ஆறு குடும்பங்களும் ஜி-புரதம் என்ற இடைத் தூதரின் மூலம் செல்லுக்குள் வேதிச் சமிக்ஞைகளை எழுப்பி மெதுவாக வேலை செய்பவை.

இதை நான் கண்ணால் பார்த்தது மாணவனாக இருந்தபோது. அந்தக் காலத்து மருந்தியல் செய்முறை வகுப்பை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வழவழப்பான தாளை உருளையில் ஒட்டி, புகையில் காட்டிக் கரி படிய வைப்போம். கினிப்பன்றியின் சிறுகுடல் கடைப் பகுதியிலிருந்து ஓர் அங்குலத் துண்டை எடுத்து, 37 டிகிரிச் சூட்டில் டைரோடு என்ற உப்புக் கரைசலில் தொங்கவிட்டுக் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டிருப்போம். குடல் சுருங்கினால் அதோடு இணைத்த எழுதுகோல் மேலேறி உருளையின் கரியில் வெள்ளைக் கோடு கிழிக்கும். உடலிலிருந்து பிரிந்த அந்தத் துண்டு மணிக்கணக்கில் தானாகவே அசைந்துகொண்டிருப்பது முதல் நாள் எங்களில் பலருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. செரோட்டோனினை ஒரு துளி விட்டால் கோடு சரேலென்று எழும்பும். உடனே மறுபடி விட்டால் முன்னைவிடக் குறைவாக எழும்பும். மூன்றாம் முறை இன்னும் குறையும். மருந்து கெட்டுவிட்டது என்று ஆய்வக உதவியாளரிடம் சண்டைக்குப் போனோம். கெட்டது மருந்தன்று, வாய்க்கால் ஏற்பிகள் தொடர்ந்து திறந்திருக்க மாட்டாமல் மூடிக்கொண்டு, சிறிது நேரம் ஓய்வு கேட்கின்றன என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

இதே கினிப்பன்றிக் குடலை வைத்துத்தான் 1957-இல் காடமும் பிக்காரெல்லியும் ஒரு நுட்பமான உண்மையைக் கண்டார்கள். டைபென்சிலின் என்ற மருந்தைக் கொடுத்தால் செரோட்டோனினின் செயலில் ஒரு பங்கு மறைகிறது. மார்ஃபின் கொடுத்தால் இன்னொரு பங்கு மறைகிறது. இரண்டையும் கொடுத்தால்தான் முழுவதும் மறைகிறது. எனவே ஏற்பிகள் இரண்டு இருக்க வேண்டும், ஒன்று தசையின் மேல், மற்றொன்று நரம்பின் மேல். மருந்துகளின் முதலெழுத்தைக் கொண்டு 'டி' என்றும் 'எம்' என்றும் பெயர் வைத்தார்கள். தசைமேல் இருந்தது இன்று இரண்டாம் குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. நரம்பின்மேல் இருந்தது பெரும்பாலும் மூன்றாம் குடும்பம். மார்ஃபின் உண்மையில் அந்த ஏற்பியைத் தொடுவதே இல்லை. நரம்பு அசிட்டைல்கோலினை வெளிவிடுவதைத்தான் தடுக்கிறது. பெயர் தவறான காரணத்தால் வந்தாலும் முடிவு சரியாக இருந்தது.

இப்போது உங்கள் பாடநூல்களின் சண்டையைத் தீர்க்கலாம். மூன்றாம் வகை, அதாவது மூன்றாம் குடும்ப ஏற்பிகள் குடலின் உணர்வு நரம்புகளையும், குடலிலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் செல்லும் நரம்புகளையும் தூண்டுகின்றன. அதனால் இயக்கமும் பிறக்கிறது, குமட்டலும் வலியும் பிறக்கின்றன. நான்காம் வகை ஏற்பி இதனினும் சுவையானது. அது நரம்பு முனைகளில் அமர்ந்து, ஏற்கெனவே செய்தி வரும்போது அசிட்டைல்கோலின் கூடுதலாக வெளிப்படுமாறு செய்கிறது. தானாக இயக்கத்தைத் தொடங்காது, தொடங்கிய இயக்கத்துக்கு வலுச் சேர்க்கும். இதனால் மேலே சுருக்கம், கீழே தளர்ச்சி என்ற ஒழுங்கு குலைவதில்லை. கீழ்நோக்கிய நரம்புகளுக்கும் இது வலுவூட்டுவதால் தளர்ச்சியும் கூடுகிறது. முதல் குடும்பத்தின் சில உறுப்பினர்கள் நரம்பை அடக்குகிறார்கள். ஏழாம் வகை தசையை நேரடியாகத் தளர்த்துகிறது. ஒரே பொருள், ஒரே குடல், ஆனால் எந்த இடத்தில், எந்த ஏற்பியில் என்பதைப் பொறுத்து விளைவு எதிரெதிராகவும் அமையலாம். உங்கள் இரு நூல்களும் பொய் சொல்லவில்லை. இரண்டும் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டன.

எண்ணூரிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியர்: உட்படலச் செல்கள் செரோட்டோனின் செய்வதை நிறுத்திவிட்டால் சிறுகுடல் அசையாமல் நின்றுவிடுமா?

நிற்காது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் முதல் பதிலில் நான் கூறியது மரபாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் ஒரு திருத்தம் தேவை.

செரோட்டோனினைச் செய்யும் நொதி இரண்டு வடிவங்களில் உள்ளது. முதல் வடிவம் உட்படலச் செல்களில் இருக்கிறது. இரண்டாம் வடிவம் நரம்புகளில், மூளையிலும் குடலின் நரம்புப் பின்னலிலும், இருக்கிறது. ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே நீக்கிய எலிகளை ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளிவந்தது. முதல் வடிவம் இல்லாத எலிகளில், அதாவது குடற்செரோட்டோனினில் பெரும்பகுதியை இழந்தவற்றில், உணவு செல்லும் வேகம் ஏறக்குறைய வழக்கம்போலவே இருந்தது. இரண்டாம் வடிவம் இல்லாதவற்றில், அளவில் மிகச் சிறிய நரம்புச் செரோட்டோனினை மட்டுமே இழந்திருந்தும், வேகம் தெளிவாகக் குறைந்தது. அதே காலத்தில், உட்படலத்தையே உரித்தெடுத்த குடல் துண்டிலும் அலைவியக்கம் எழுகிறது என்பதை வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நரம்புகளே குடற்சுவர் இழுபடுவதை உணரக்கூடியவை.

ஆகவே உட்படலத்துச் செரோட்டோனினை இயக்கத்தைத் தொடங்கும் பொருள் என்று சொல்வதைவிட, நடந்துகொண்டிருக்கும் இயக்கத்தைக் கூட்டிக் குறைத்துச் சீர்செய்யும் பொருள் என்று சொல்வதே இன்றைய அறிவுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. தசைக்கு அடிப்படைத் தாளம் போடுவது வேறொரு செல் கூட்டம்: கஹால் என்ற ஸ்பெயின் நாட்டு அறிஞரின் பெயர் தாங்கிய செல்கள். முன்சிறுகுடலில் நிமிடத்துக்குச் சுமார் 12 முறையும், சிறுகுடலின் கடைப் பகுதியான கடைக்குடலில் சுமார் 8 முறையும் மின்னலைகள் எழுவது அவற்றால். வகுப்பில் சொல்வதானால் தாளம் கஹால் செல்களுடையது, மெட்டு நரம்புப் பின்னலுடையது, செரோட்டோனின் அதில் ஏற்ற இறக்கம் தருவது என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

காசிமேட்டிலிருந்து மீன் வியாபாரம் செய்யும் ஒரு வாசகி (மகள் எழுதித் தந்தது): விடியற்காலை 2 மணிக்கு எழுந்து துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போகிறேன். 9 மணிக்கு முன்னால் வாயில் எதுவும் போட முடியாது. நடுவில் வயிறு கடமுடா என்று பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி இரைகிறது. இது ஏதாவது நோயா, ஐயா?

நோயில்லை அம்மா. உங்கள் சிறுகுடல் ஒழுங்காகப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கான ஒலி அது.

சாப்பிட்ட பிறகு சிறுகுடல் செய்யும் வேலை பெரும்பாலும் பிசைவதுதான். உணவை முன்னும் பின்னும் அலைத்து நொதிகளோடு கலக்கும். செரிமானம் முடிந்து குடல் காலியானதும் வேறொரு வகை இயக்கம் தொடங்குகிறது. ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்தோ முன்சிறுகுடலிலிருந்தோ வலுவான சுருக்க அலை ஒன்று கிளம்பி மெல்ல மெல்லக் கடைக்குடல் வரை நடந்து செல்கிறது. மிஞ்சிய சக்கை, உதிர்ந்த செல்கள், கிருமிகள் எல்லாவற்றையும் அது வாரிக்கொண்டு போகிறது. 1969-இல் நாயின் குடலில் இதைப் பதிவுசெய்து விளக்கியவர் சுர்ஷெவ்ஸ்கி. இது சரியாக நடக்காதவர்களுக்குச் சிறுகுடலில் கிருமிகள் பெருகி, வயிற்று உப்புசமும் பேதியும் வருவதுண்டு. நீரும் காற்றும் மட்டும் இருக்கும் குழாயில் இந்த அலை போகும்போது ஒலி எழுவது இயல்பே.

இந்த அலையைக் கிளப்புவதில் மோட்டிலின் என்ற ஹார்மோனுக்குப் பெரும் பங்குண்டு. செரோட்டோனினும் கூட நிற்கிறது. நாய்களில் மூன்றாம் வகை ஏற்பியை மருந்தால் அடைத்தால் இரைப்பையில் தொடங்க வேண்டிய அலை எழாமல் போகிறது. நீங்கள் ஏதேனும் சாப்பிட்டவுடன் அலை நின்று, குடல் பிசையும் வேலைக்குத் திரும்பிவிடும். ஏலத்துக்குப் போகுமுன் இரண்டு இட்லியோ ஒரு குவளை கஞ்சியோ சாப்பிட முடிந்தால் இரைச்சல் அடங்கும், உடம்புக்கும் நல்லது. இரைச்சலோடு கடும் வலி, வாந்தி, வயிறு ஊதிக்கொண்டு காற்றும் மலமும் போகாமல் நிற்பது ஆகியவை சேர்ந்தால் அது வேறு கதை. உடனே ஸ்டான்லிக்குப் போய்விடுங்கள். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடத்தின் வழி வந்ததால், உங்கள் பகுதிப் பெரியவர்கள் அதை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் ஆட்டோ ஓட்டுநர்: மனச்சோர்வுக்கு மருத்துவர் செர்ட்ரலின் எழுதித் தந்தார். முதல் வாரமே வயிறு கலங்கி, நாளுக்கு நான்கு முறை போக வேண்டியிருக்கிறது. ரயில்வே கேட்டில் வண்டி மாட்டிக்கொண்டால் என் பாடு சொல்லி முடியாது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் அளவைக் குறைத்து மெல்ல ஏற்றலாம், அல்லது மருந்தையே மாற்றலாம்.

நடப்பது இதுதான். வெளிப்பட்ட செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் ஒரு புரதத்தை இந்த மாத்திரை தடுக்கிறது. மூளையில் விரும்பப்படும் விளைவு அதனால் வருகிறது. அதே புரதம் குடலின் உட்படலத்திலும் நரம்புகளிலும் இருப்பதால், அங்கும் செரோட்டோனின் அதிக நேரம் தங்கி ஏற்பிகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. இவ்வகையைச் சேர்ந்த பராக்ஸிடினை உடல்நலமுள்ளவர்களுக்குக் கொடுத்து 1990-களில் அளந்தபோது, உணவு சிறுகுடலைக் கடக்கும் நேரம் குறைந்தது. காசிமேட்டு அம்மாவுக்குச் சொன்னேனே, அந்தத் துப்புரவு அலைகளின் இடைவெளியும் குறைந்தது. இக்குடும்ப மருந்துகளில் வயிற்றுப்போக்குக்கு அதிகம் பெயர்போனது செர்ட்ரலின்தான். பலருக்கு ஓரிரு வாரங்களில் குடல் பழகிக்கொள்ளும். உணவோடு சேர்த்து எடுப்பதும் உதவக்கூடும். காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவை பேதியோடு சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி: வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருக்கிறது, தின்றால் மனமும் மலமும் இளகும் என்று பேரன் வாட்ஸ்அப்பில் காட்டினான். உண்மையா?

பாதி உண்மை. வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருப்பது மெய்தான். ஆனால் அது மூளைக்குப் போகாது, மலம் இளகுவதற்கும் காரணம் பழத்திலுள்ள நார்தான். பழத்துச் செரோட்டோனின் தொல்லை தருவது ஓரிடத்தில் மட்டும்: என்டரோகுரோமாஃபின் செல்களில் எழும் ஒரு வகைக் கட்டி செரோட்டோனினைக் கொட்டி முகச் சிவப்பையும் நீர்ப்பேதியையும் உண்டாக்கும். அதைக் கண்டறிய 24 மணி நேரச் சிறுநீரைச் சோதிக்கும்போது, வாழைப்பழம், அன்னாசி, தக்காளி ஆகியவற்றைத் தின்றிருந்தால் முடிவு தவறாகிவிடும். அப்படியொரு சோதனை இல்லாதவரை, பாட்டி, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்: என் அம்மாவுக்கு வயது 67. பல ஆண்டாக மலச்சிக்கல். மெடிக்கலில் கேட்டால் 'குடலைத் தள்ளும் மாத்திரை' என்று ஒன்று தருகிறார்கள். இந்த வகை மருந்தொன்று இதயத்தைப் பாதித்ததாகத் தடை செய்யப்பட்டது என்று நினைவு. எதை நம்புவது?

உங்கள் நினைவு சரி. அது சிசாப்ரைடு. நான்காம் வகை ஏற்பியைத் தூண்டிக் குடலை நகர்த்திய அந்த மருந்து ஒரு காலத்தில் நெஞ்செரிச்சலுக்கும் மந்தத்துக்கும் தாராளமாக எழுதப்பட்டது. இதயத் தசையிலுள்ள பொட்டாசியம் வாய்க்கால் ஒன்றையும் அது அடைத்ததால், சிலருக்கு இதயத் துடிப்பு உயிருக்கு ஆபத்தாகத் தாறுமாறானது. எரித்ரோமைசின் போன்ற மருந்துகளைச் சேர்த்து உண்டவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடியது. அமெரிக்காவில் 2000-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்து வந்த டெகாசெராடும் இதே ஏற்பியைத் தூண்டுவதுதான். மாரடைப்பு, பக்கவாதம் குறித்த ஐயத்தால் 2007-இல் அங்கே நிறுத்தப்பட்டது. இந்தியா இரண்டையும் 2011-இல் தடை செய்தது.

இதிலிருந்து நான்காம் வகை ஏற்பியே ஆபத்தானது என்று முடிவு கட்டுவது தவறு. சிசாப்ரைடின் குற்றம், தனக்குச் சம்பந்தமில்லாத வேறொரு வாய்க்காலில் கை வைத்தது. அதன் பிறகு, அந்த ஏற்பியை மட்டும் குறிவைத்து உருவாக்கப்பட்ட புருகலோபிரைடு 2009-இல் ஐரோப்பாவிலும் 2018-இல் அமெரிக்காவிலும் நாட்பட்ட மலச்சிக்கலுக்கு ஒப்புதல் பெற்றது. முதல் சில நாள் தலைவலி, குமட்டல், பேதி வரலாம். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும் அளவு குறைக்கப்பட வேண்டும். அதனால்தான் மருந்துக் கடைப் பையனின் கையில் அந்த முடிவை விடக் கூடாது என்கிறேன். மோசாப்ரைடும் இவ்வினத்தைச் சேர்ந்தது. டோம்பெரிடோனையும் இவற்றோடு சேர்த்து 'தள்ளும் மாத்திரை' என்றே கடைகளில் சொல்கிறார்கள். அது டோபமின் என்ற வேறொரு செய்திப் பொருளின் ஏற்பியைத் தடுப்பது, வேலை செய்வது இரைப்பைப் பக்கம், மலச்சிக்கலுக்கு அதனால் பயனில்லை.

எதிர்த் திசையிலும் ஒரு பாடம் நடந்தது. மூன்றாம் வகை ஏற்பியை அடைத்துக் குடலை மெதுவாக்கும் அலோசெட்ரான், பேதி மிகுந்த குடல் எரிச்சல் நோயுள்ள பெண்களுக்காக அமெரிக்காவில் 2000-இல் வந்தது. கடும் மலச்சிக்கலும் பெருங்குடலுக்கு இரத்தம் குறைந்து புண்ணாவதும் சிலருக்கு நேர்ந்ததால் அதே ஆண்டு திரும்பப் பெறப்பட்டு, 2002-இல் கடும் கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை மாத்திரைக்கு முன் கேட்க வேண்டியவை வேறு. இரத்த அழுத்தத்துக்கோ வலிக்கோ இரும்புச் சத்துக்கோ அவர் உண்ணும் மருந்துகளில் எதுவேனும் குடலைக் கட்டுகிறதா? தைராய்டு சோதித்தீர்களா? மலத்தில் இரத்தம், எடை குறைவு, இரத்தசோகை உண்டா? 67 வயதில் இவற்றுள் ஒன்று இருந்தாலும் கொலோனோஸ்கோப்பி மூலம் பெருங்குடலின் உள்ளே பார்க்காமல் எந்தத் தள்ளும் மாத்திரையையும் தொடங்கக் கூடாது.

திருவொற்றியூரிலிருந்து இரண்டு வயதுக் குழந்தையின் தாய்: குழந்தைக்கு வாந்தியும் பேதியும் வந்தபோது மருத்துவர் ஒன்டான்செட்ரான் சொட்டு ஒரு வேளை கொடுத்தார். வாந்தி நின்றது, பேதி இரண்டு நாள் நிற்கவில்லை. மருந்து பாதிதான் வேலை செய்ததா?

மருந்து தன் வேலையை முழுவதுமாகச் செய்தது அம்மா. பேதியை நிறுத்துவது அதன் வேலையன்று.

ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகள் சிறுகுடலின் உட்படலத்தைத் தாக்கும்போது, நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே செல்களிலிருந்து செரோட்டோனின் மிகுதியாக வெளிப்படுகிறது. அது மூன்றாம் வகை ஏற்பிகளின் வழியாக குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்ட, செய்தி மூளைத்தண்டிலுள்ள வாந்தி மையத்துக்குப் போகிறது. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினால் வரும் வாந்தியும் இதே பாதையில் வருவதுதான். ஒன்டான்செட்ரான் முதலில் அதற்காகவே 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. ஏற்பியை அடைத்ததும் செய்தி அறுபடுகிறது, வாந்தி அடங்குகிறது. பேதிக்கோ, புண்பட்ட உட்படலம் நீரை உறிஞ்ச முடியாமல் போவதும், வைரஸின் நஞ்சும், நரம்புகளின் தூண்டுதலால் நீர் சுரப்பதும் என்று பல காரணங்கள் உள்ளன. ஓர் ஏற்பியை அடைத்து அத்தனையையும் நிறுத்த முடியாது. உட்படலம் புதிதாக வளர்ந்து மூடச் சில நாள் ஆகத்தான் செய்யும்.

அந்த ஒரு வேளை மருந்தின் பயன், உப்புச் சர்க்கரைக் கரைசலை (ஓ.ஆர்.எஸ்.) குழந்தை வாந்தி எடுக்காமல் குடிக்க முடிந்தது என்பதே. பொட்டலத்தில் குறித்துள்ள அளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, தேக்கரண்டியால் சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறை பேதியான பிறகும் கொடுங்கள். துத்தநாக மருந்தைப் பேதி நின்ற பிறகும் சேர்த்து மொத்தம் 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். பெரியவர்களின் பேதிக்கென வீட்டில் வைத்திருக்கும் லோபரமைடு மாத்திரையை மட்டும் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது மார்ஃபின் ஏற்பியின் வழியாகக் குடலை அசையாமல் நிறுத்தும், சிறு குழந்தைகளுக்கு ஆபத்து. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, கண்கள் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டு எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, மலத்தில் இரத்தமோ வாந்தியில் பச்சை நிறமோ தெரிந்தாலோ, இரவு எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.